தூறலுக்கு முளைக்காதவள்

பருவம் இன்னும் வரவில்லை, இது வெறும் ஈரம், என்று அவள் நினைத்துக்கொண்டாள். அப்போது அவள் உறங்கத் தொடங்கி மூன்று ஆண்டும் இரண்டு மாதமும் ஆகியிருந்தன. அவளைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போட்டிருந்தார்கள்.

உறக்கம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பாத்திரம் கழுவும் இடத்தில். அவள் கணவன் சாப்பிட்ட தட்டிலேயே கை கழுவி, அதிலேயே காறித் துப்பி, அதிலேயே கால் நகத்தையும் வெட்டிப் போடுகிற ஆள். பதினோரு வருஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கழுவினாள். அன்று அடைத்துக்கொண்ட குழாய்க்குள் விரலை விட்டபோது, புளித்த பருக்கையும் மயிரும் சளியுமாகக் கொழகொழவென்று ஓர் உருண்டை வந்தது. அதில் ஒரு நகம் செருகியிருந்தது. அவளுக்கு வாந்தி வரவில்லை. உள்ளங்கால் மரத்தது. சாயங்காலத்துக்குள் உச்சிவரை தோல் இறுகி, புளியங்கொட்டை மாதிரிப் பளபளத்தது. காது மட்டும் கேட்டது.

டாக்டர் தட்டிப் பார்த்து, உயிர் இருக்கிறது, இரண்டு நாளுக்கு ஒரு மூச்சு விடுகிறாள் என்று எழுதிக் கொடுத்தார். சாமான் அறையில் கிடத்தினார்கள். முதல் மாதம் தெருவே வந்து பார்த்தது. பிறகு அடுத்த தெருவில் ஒருவன் மாடி எடுத்தான். தெரு அதைப் பார்க்கப் போய்விட்டது.

அவளும் கணவனும் ஒரே விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவர்கள். ஈரத்தாளில் நூறு விதையைப் பரப்பி, முளைத்தது எத்தனை என்று எண்ணும் வேலை. அதனால் வைத்தியம் அவனுக்கு அத்துப்படி. ஊறப் போட்டான், உப்புத்தாளால் தோலைத் தேய்த்தான், புகை போட்டான், பத்து நாள் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே வைத்தான். எல்லாம் விதையிடம் சொல்லும் பொய்கள்: குளிர் போய்விட்டது, தீ அணைந்துவிட்டது, மழை வந்துவிட்டது, வெளியே வா. அவளைப் பயிர்விதை என்று எண்ணியதுதான் அவன் செய்த தப்பு. மனிதன் வளர்த்த விதை கூப்பிட்டால் எழுந்துவிடும். களைவிதை எழாது. ஒரு தூறலை நம்பி முளைத்ததெல்லாம் வெயிலில் கருகிப்போக, நம்பாமல் கிடந்ததன் வம்சம் அது.

கழுவ ஆளில்லாமல் வீடு நாறியது. நாத்தனார் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "மகாராணி, உள்ள ஜில்லுனு இருக்கா? எனக்கும் கொஞ்சம் இடம் விடேன்" என்பாள். கேலியா ஆசையா என்று அவளுக்கே தெரியாது.

ஐந்தாம் ஆண்டு கணவனுக்குக் குடலில் அறுவை என்று முடிவானது. வயிற்றில் பை மாட்டுவார்கள். மூன்று மாதம் யாராவது அதைக் காலி செய்து கழுவ வேண்டும். அவன் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எழுந்திரும்மா. நான் இப்ப பழைய ஆள் இல்ல. என் தட்ட நானே கழுவுறேன். வேணும்னா இவளக் கேளு."

"ஆமா, வாரத்துக்கு ஒருக்கா" என்றாள் நாத்தனார், வாசலிலிருந்து.

அவன் அழுதான். நிஜ அழுகைதான். ஒரு சொட்டு அவள் குதிகாலில் விழ, அங்கே ஓடு மயிரிழை அளவு விரிசல் விட்டது. அவள் உள்ளே பதறினாள். முளைத்துவிட்டால் முளைத்ததுதான், திரும்ப விதையாக முடியாது. ஈரம் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பொறுத்துப் பார்த்தாள். அப்போது அவன் மூக்கைச் சிந்தி, விரலை அவள் போர்வையில் துடைத்தான். வேண்டுமென்று செய்யவில்லை, கை தானாகப் போயிற்று.

நாத்தனார் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த வருஷமும் இல்லண்ணே. நர்ஸுக்குச் சொல்லிடுறேன்."

அவனும் சரியென்று எழுந்து போனான். அவள் விரிசலின் இரண்டு ஓரங்களையும் உள்ளிருந்து, அவசரப்படாமல், இழுத்து மூடிக்கொண்டாள்.