மிச்சம் வைத்த பன்னிரண்டு நாள்

"தலையணை உறையை மாத்தச் சொல்லுடி. மஞ்சளாக் கெடக்கு," என்றாள் அக்கா. மருத்துவமனைச் சலவைப் பிரிவில் பதினோரு வருடமாகப் படுக்கை விரிப்பு மடிக்கிறவள். கைபேசி வீடியோவில் தங்கையின் முகத்தைவிட உறைதான் முதலில் அவள் கண்ணில் பட்டது.

கடலுக்கு அந்தப் பக்கம் படுத்த படுக்கையாகக் கிடந்த தங்கை சிரித்தாள். "நீயே வந்து மாத்தேன்."

அக்கா, பிழைக்க வந்த நாட்டில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இன்னும் நான்கு மாதம் இருந்தது. அதுவரை அந்த நாட்டுக்கு வெளியே கழிக்க அவளுக்கு மிச்சம் பன்னிரண்டே நாள். அதைத் தாண்டினால் விண்ணப்பம் தள்ளிப்போகும். கணவன் ஒரு தாளில் பன்னிரண்டு கட்டம் போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தான். வெளியே இருக்கும் நாளுக்கு ஒரு கட்டம் அடிக்க வேண்டும்.

"இப்பவே போய்த் தீத்துட்டு வந்தா, கடைசிக் காரியத்துக்கு எப்படிப் போவே?" என்றான்.

அக்கா தலையாட்டினாள். அதோடு விட்டாளா? தங்கையின் கணவனைக் கூப்பிட்டு, "டாக்டர் எத்தனை நாள்னு சொல்றாரு மாப்ளே? தோராயமாச் சொன்னாப் போதும்," என்று கேட்டாள்.

ஸ்பீக்கர் போட்டிருந்தது அவளுக்குத் தெரியாது. பதில் தங்கையிடமிருந்து வந்தது. "உங்கிட்ட பன்னெண்டு இருக்கில்லக்கா? எனக்கும் அவ்ளோதான்னு வச்சுக்கோ. பொருத்தம் பிரமாதம்."

நான்காம் நாள் காலையில் தங்கை போய்விட்டாள். அக்கா விமானம் பிடித்தாலும் போய்ச் சேர முடியாதபடி மாலைக்குள் காரியமெல்லாம் முடிந்தது.

"இனிமே யாரைப் பாக்கப் போறே? நாளாவது மிஞ்சட்டும்," என்றான் கணவன். அதற்கும் அவள் தலையாட்டினாள்.

நான்கு மாதம் கழித்து, விண்ணப்ப அலுவலகத்தில் ஓர் அம்மாள் பாஸ்போர்ட் முத்திரைகளை விரல் வைத்து எண்ணினாள். "நாலு தடவை போயிருக்கீங்க. கிளம்பின நாள், திரும்பின நாள் ரெண்டையும் வெளிநாட்டுக் கணக்குல போட்டுட்டீங்களே! அதெல்லாம் இங்க இருந்த நாள்தாம்மா. உங்களுக்கு மிச்சம் இருபது."

"அட, எட்டு நாள் லாபம்!" கணவன் தொடையைத் தட்டினான்.

அக்காவுக்கு வெறுத்துப்போனது. அவனை நினைத்தும், ஆட்டின தன் தலையை நினைத்தும்.

"லாபமா? த்தூ! சாவுக்குப் போக நாள் சேத்து வச்சுட்டு, உசுரோட இருந்தவளைப் பாக்காம விட்டோம். குடியுரிமை ஆறு மாசம் பிந்தினாலும் வரும். படுத்திருக்கிறவங்க நம்ம கணக்குக்குக் காத்திருக்க மாட்டாங்க. பாக்கணும்னா மூச்சு இருக்கும்போதே போகணும்."

வீட்டில் ஃபிரிட்ஜின் மேல் அந்தத் தாள் இன்னும் ஒட்டியிருந்தது. பன்னிரண்டு கட்டத்தில் ஒன்றுகூட அடிக்கப்படவில்லை.