நிற்காத சுரப்பு

அன்னமேரியின் கல்யாண மோதிரத்தைச் சாமல்பட்டி ஆசாரி வெட்டித்தான் எடுத்தார். விரல் அவ்வளவு பெருத்திருந்தது. பிறகு தாடை முன்னே வந்தது. பாதம் வளர்ந்து, ரயில்வே கேங்மேனான கணவன் சிங்கராயரின் செருப்பும் அவளுக்குப் பற்றவில்லை. முப்பத்து நாலு வயதில் வளருகிறாளே என்று ஊரில் சிரித்தார்கள். பக்கவாட்டில் வருவது கண்ணுக்குத் தெரியாமல், ஒருநாள் தண்ணீர்க் குடத்தோடு மாட்டுவண்டியில் மோதி விழுந்தாள். அதற்கப்புறம்தான் சிங்கராயர் அவளைப் பெங்களூருக்கு அழைத்துப் போனார்.

அது அறுபத்தொன்பதாம் வருஷம். ஆஸ்பத்திரியில் சர்க்கரைத் தண்ணீர் குடிக்கக் கொடுத்து, அரைமணிக்கொரு தரம் ரத்தம் எடுத்தார்கள். அதைப் பம்பாய்க்கு அனுப்பி, பதில் வர இரண்டு மாதமாயிற்று. மறுபடி போனபோது டாக்டர் கன்னடத்தில் பேசினார். மாலூர்ப் பக்கம் ரயில் பாதை வேலை பார்த்த சிங்கராயருக்கு மட்டும் அது புரிந்தது.

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறதாம். உடம்பை வளர்க்கிற நீர் அதிலிருந்து எல்லோருக்கும் விட்டு விட்டுத்தான் வருமாம். கொஞ்ச நேரம் பீறிட்டு, பிறகு மணிக்கணக்கில் அடங்கிவிடும். சர்க்கரை குடித்தாலும் அடங்கும். தூக்கம் பிடித்த முதல் ஒரு மணி நேரத்தில்தான் அதிகம். இவளுக்கு அங்கே கட்டி இருப்பதால் சர்க்கரை கொடுத்தும் அடங்கவில்லை, நிற்காமல் சுரக்கிறது. கட்டி பார்வை நரம்பை நெரிக்கிறது. மண்டையைத் திறந்தால் பிழைப்பாள் என்று சொல்ல முடியாது, கரண்ட் என்கிற கதிர்வீச்சு வைத்தாலும் போன பார்வை வராது என்றார்.

திரும்பும்போது ரயிலில் சிங்கராயர் பாதியைத்தான் சொன்னார். தூக்கத்தில் சுரக்கும் என்பதைச் சொன்னார். மிச்சத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

அன்றிலிருந்து அன்னமேரி படுக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கண் சொருகும்போதெல்லாம் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள். ஐந்தாம் ராத்திரி, சிங்கராயர் படுக்கச் சொல்லிக் கெஞ்சினார்.

"தூங்கினாத்தானே வளருது? நான் தூங்கலைங்க."

"மேரி, அது மத்தவங்களுக்கு. உனக்கு முழிச்சிருந்தாலும் வருது. நிக்கறதே இல்ல."

அவள் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே."

அவள் பாயை விரித்துப் படுத்தாள். மறுநாள் வெயில் ஏறிய பிறகும் தூங்கினாள்.

மிச்சத்தையும் அவர் சொன்னபோது, தலையைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சிங்கராயர் தனியாக ஒருமுறை பெங்களூர் போய்க் கேட்டார். டாக்டர் முன்பு சொன்னதையே சொன்னார். அடுத்த மாங்காய்ப் பருவம் வருமுன் இரண்டு கண்ணும் போய்விட்டன.

காலையில் பாதை வேலைக்குக் கிளம்பும்போது சிங்கராயர் சோற்றைத் தட்டில் போட்டு, அவள் கையை எடுத்து அதன்மேல் வைப்பார். அவள் தலையசைப்பாள். பிறகு கதவை வெளியே தாழிட்டுவிட்டுப் போவார்.