உட்கார மறுத்தவள்

சோப்பு கம்பெனியில் கட்டிகளைப் பெட்டியில் போடும் பெண்களுக்கு நாள் முழுக்க நின்று நின்று கால் வீங்கியது. சங்கத் தலைவி விடாப்பிடியாகப் போராடி ஆளுக்கொரு நாற்காலி வாங்கிக் கொடுத்தாள். அடுத்த மாதமே முதலாளி மெஷினை இறக்கிப் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினான். அதில் அவளுடைய நாத்தனாரும் ஒருத்தி.

"சங்கம் வெச்சு என்னத்தைக் கிழிச்சீங்க? நின்னாலும் சோறு கிடைச்சுதே!" என்று தெருவே ஏசியது.

பக்கத்தில் நாத்தனாரின் நாற்காலி காலியாகக் கிடக்க, தலைவிக்கு உட்கார மனம் ஒப்பவில்லை. நின்றே வேலை பார்த்தாள்.

வீட்டில் அவளுடைய வீங்கிய பாதத்தைப் பார்த்ததும் நாத்தனாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னும் நின்னுகிட்டா இருக்கீங்க, அண்ணி?"

"நீ இல்லாம எப்படிடி உட்காருவேன்?"

"நாற்காலி வேணும்னு முதல்ல கை தூக்கினவ நான். வேலையைத்தான் அவன் பிடுங்கிட்டான். நாற்காலியை நீங்களே திருப்பிக் கொடுத்துடாதீங்க."