கழுவிய மீன்

காலைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்த மக்டலீன் கிணற்றடியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அவளுடைய கணவன் வின்சன்ற் குந்தியிருந்து மீன் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கழுவிக்கொண்டிருந்தான். விடிய எழும்பி அவள் ஊறப்போட்டுவிட்டுப் போன அறுக்குளா மீன். செத்தல் மிளகாய், உள்ளி, மிளகு, கடுகு எல்லாவற்றையும் வினாகிரி விட்டு அம்மியில் அரைத்துப் பூசியிருந்தாள். அந்தக் கூட்டு இப்போது சிவப்பாக வாழையடிக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“என்ன செய்யிறியள்?”

“சேர் வாறார் எல்லே. உந்தப் புளிப்பும் காரமும் அவருக்குச் சரிவராது. நான் கப்பல் முறையிலை செய்யிறன்.”

வின்சன்ற் சரக்குக் கப்பலொன்றில் சமையற்காரன். பதினொரு மாதத்துக்குப் பிறகு குருநகருக்கு வந்து நாலு நாள்தான். அன்று மத்தியானம் அவனுடைய கப்பலின் இரண்டாம் எஞ்சினியர் கிறகோரி சாப்பிட வருவதாக இருந்தது.

மக்டலீனுக்குக் காதெல்லாம் சுட்டது. அந்த வினாகிரியும் அவள் போட்டதுதான். பனங்கள்ளை முட்டியில் ஊற்றி, துணியால் வாய் கட்டி, மூன்று மாதம் புளிக்கவிட்டு வடித்தது. கடைகளில் வினாகிரி கிடைக்காத வருடங்களில் பக்கத்து வீடுகளுக்கும் அவள்தான் கொடுத்தாள்.

“என்னை ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ?”

“இதிலை கேக்க என்ன கிடக்கு?”

“அப்ப நீங்களே சமையுங்கோ. நான் குசினிக்குள்ளை கால் வைக்கமாட்டன்.”

விறாந்தையில் போய் இருந்தாள். அங்கிருந்து பார்க்கக் குசினி தெரிந்தது. வின்சன்ற் ஜாம் போத்தலொன்றில் கப்பலிலிருந்து கொண்டுவந்த எண்ணெய் மூன்று கரண்டி, வினாகிரி ஒரு கரண்டி, உப்பு, கொஞ்சம் கடுகுத்தூள் போட்டு மூடிக் குலுக்கினான். பிறகு தக்காளியும் வெங்காயமும் வெட்டிய சலாதின்மேல் ஊற்றினான்.

“சலாதுக்கு மட்டும் என்ரை வினாகிரி நல்லாய் இருக்குதாக்கும்!” என்று இருந்த இடத்திலிருந்தே கத்தினாள். அவன் சலாதைக் கிளறினான்.

கிறகோரி பன்னிரண்டரைக்கு வந்தார். வின்சன்ற் பாலில் அவித்த மீனைச் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தான். அவர் ஒரு துண்டு சாப்பிட்டார். பிறகு கரண்டியை வைத்தார்.

“இதைத்தானே நான் மாசக்கணக்காய்க் கப்பலிலை தின்னுறன். நீ சொன்ன மீன் எங்கை? பம்பாயிலையும் சொன்னாய், ஏடனிலையும் சொன்னாய். என்ரை மனிசி வினாகிரியிலை ஊறப்போட்டுப் பொரிச்சால் ஊரே மணக்கும் எண்டு.”

மக்டலீன் எழும்பி உள்ளே வந்தாள்.

“அப்பிடியோ சொன்னவர்? அதை இண்டைக்குக் காலமை கிணத்தடியிலை கழுவி ஊத்திப்போட்டார், அண்ணை.” பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். “ஏடனிலை பெருமை, இஞ்சை வெக்கமோ? எனக்கு முன்னாலை ஒருநாளாவது சொன்னனீங்களோ?”

வின்சன்றின் முகம் கறுத்தது. கிறகோரி எழும்பப் பார்த்தார்.

“நீங்கள் இருங்கோ, அண்ணை. ஆரும் பசியோடை போகேலாது. சட்டியிலை இன்னும் பாதி மீன் அவிக்காமல் கிடக்கு. இவர் அரைப்பார்.”

“மக்டலீன், ஆக்களுக்கு முன்னாலை...”

“ஆக்களுக்கு முன்னாலைதான் அரைக்கவேணும்.”

அவன் அம்மியடிக்குப் போனான். மிளகாய் அரைத்துப் பழகாத கை. கால் மணித்தியாலத்திலேயே விரலெல்லாம் எரிந்தது. வினாகிரி பட்டதும் எரிவு இன்னும் கூடியது. அவள் வாசலில் நின்று பார்த்தாளே தவிர, உதவிக்குப் போகவில்லை.

“ஒரு மணித்தியாலமெண்டாலும் ஊறவேணும்,” என்று மட்டும் சொன்னாள்.

கிறகோரி விறாந்தையில் இருந்து சிகரெட்டுக்குமேல் சிகரெட்டாகப் புகைத்தார். மூன்று மணிபோல மீன் பொரிந்தது. நாலு துண்டு சாப்பிட்டார். கையைக் கழுவி, இருவரிடமும் சொல்லிக்கொண்டு போனார்.

வின்சன்ற் ஒரு துண்டைக் கோப்பையில் வைத்து அவளுக்கு முன்னால் நீட்டினான். கை சிவந்திருந்தது.

அவள் ஒரு மூலையைப் பிய்த்து வாயில் போட்டாள்.

“உப்புக் காணாது,” என்றாள்.

அன்று அவனோடு அதற்குமேல் அவள் கதைக்கவில்லை.