வெறுங்குழாயில் ஒரு பென்குயின்

வெறுங்குழாயில் ஒன்றுமே இருக்கக் கூடாது. அதற்காகத்தான் அதை வைப்பதே. பனிநிலத்தில் தோண்டியெடுத்த பென்குயின் எலும்புகளைப் பொடித்து, என்றோ செத்துப்போன பறவைகளின் டி.என்.ஏ.வைப் பிரிக்கும்போது, எலும்பே போடாத ஒரு குழாயையும் கூடவே வைத்து, அதே மருந்தை ஊற்றி, அதே சூட்டையும் காட்டுவார்கள். கடைசியில் அது காலியாக வந்தால் நிம்மதியாகச் சாப்பிடப் போகலாம். இந்த முறை அதற்குள் பென்குயின் இருந்தது.

எலும்புக்காரி முடிவை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தாள். பென்குயின்தான். எலும்புக்காரி என்பது அவளுக்குக் கணவர் வைத்த பெயர். பனி பெருகிய காலத்தில் இந்தப் பறவைகள் எங்கே ஒதுங்கின, எவை பிழைத்தன என்று கண்டுபிடிக்கத்தான் அவள் இத்தனை பாடுபடுகிறாள். பழைய எலும்பில் டி.என்.ஏ. நொறுங்கிக் கொஞ்சமாகத்தான் மிஞ்சியிருக்கும். இன்றைய பறவையின் இறகுத் தூசி துளி உள்ளே வந்தாலும் போச்சு, எது பழசு எது புதுசு என்று சொல்ல முடியாது. அதனால் அந்த அறைக்குள் போகிறவர்கள் குளித்து, மோதிரம் முதற்கொண்டு கழற்றி வைத்து, தலையிலிருந்து கால்வரை வெள்ளை உறை மாட்டிக்கொள்வார்கள். எதிர்க் கட்டடத்தில் உயிருள்ள பென்குயின்களின் இரத்தத்தை வைத்து வேறு வேலை நடக்கிறது. அங்கே காலடி வைத்தவர் அன்றைக்கு இங்கே தலைகாட்டக் கூடாது.

யாரோ தலைகாட்டியிருக்கிறார்கள். அறைக்குள் போகிறவர்கள் இரண்டே பேர். ஒன்று அவள். இன்னொன்று மாப்பிள்ளை.

யார் கண்ணிலும் படாது என்று தெரிந்தும் வெள்ளை உறைக்குள் இஸ்திரி கலையாத சட்டையோடு நிற்பதால் அவனுக்கு அந்தப் பெயர். சமீபத்தில் கல்யாணமும் ஆகிவிட்டது. மனைவிக்கு வேலை எதிர்க் கட்டடத்தில். இது போதாதா? அவன் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறான் என்று தோன்றியது. சிரிக்காவிட்டால் ஏன் முகம் இப்படி இருக்கிறது என்று தோன்றியது. யாரும் இல்லாத நேரம் பார்த்து, ஆணியில் தொங்கிய அவன் மாற்றுச் சட்டையை முகர்ந்துகூடப் பார்த்தாள். சோப்பு வாசனைதான் வந்தது. இவ்வளவு சோப்பு எதற்கு என்று அதற்கும் ஒரு சந்தேகம்.

மதியம் ஜன்னலோரம் நின்று கவனித்தாள். மாப்பிள்ளை தெருவைக் கடந்து, நிறுத்தியிருந்த வேனுக்குப் பின்னால் மறைந்தான். திரும்பி வந்தபோது கையில் சாப்பாட்டு டப்பா.

"உள்ள போனியா?" என்றாள்.

"வாசல்லயே நின்னுட்டேன்க்கா. அவதான் கீழ வந்து குடுத்தா. நான் படியேறவே இல்ல."

சொல்லும்போது அவன் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அது போதும். நேரே ஆய்வகத் தலைவரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். குழாயில் இருப்பது எந்த இனம் என்ற முழு முடிவு வரட்டும், அதுவரை அவன் உள்ளே போக வேண்டாம், இவன்தான் என்று உறுதியானால் வேலையை விட்டு அனுப்புவதைத் தவிர வழியில்லை என்றார் தலைவர். மாப்பிள்ளை வாதாடவில்லை. வெளி மேசையில் சும்மா உட்கார்ந்திருந்தான். கள்ளன், வாயே திறக்கவில்லை பார் என்று இவள் அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

வீட்டில் அவளுக்கு எதுவும் காதில் விழவில்லை. கணவர் பம்பு மெக்கானிக். காலையில் அவள் மூக்குக் கண்ணாடியைத் தொலைப்பதும், அவர் அதைத் தேடியெடுத்து, தன் கருவிப் பையில் உள்ள மெல்லிய துணியால் துடைத்து மாட்டிவிடுவதும் கல்யாணமான நாளிலிருந்து நடப்பதுதான். புது இடத்து வேலையில் வடிகட்டி ஓயாமல் அடைத்துக்கொள்கிறது, கையை விட்டால் இறகாக வருகிறது என்று அவர் அலுத்துக்கொண்டார். அவள் 'ம்' கொட்டினாள். மனசு மாப்பிள்ளையின் சோப்பில் இருந்தது.

முழு முடிவு வந்தது. குழாயில் இருந்தது பனிநிலப் பென்குயினே இல்லை. வெயிலடிக்கும் கடற்கரையில் வாழும் வேறு இனம். எதிர்க் கட்டடத்துக்குப் போன் செய்தாள். அந்த இனத்தின் இரத்தம் இங்கே வந்ததே இல்லை, அதைப் பார்க்க வேண்டுமானால் மிருகக்காட்சிசாலைக்குத்தான் போக வேண்டும் என்று சிரித்தார்கள். புதுப் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போயிருப்பான்! ஆள் அகப்பட்டான் என்ற சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்து, முதல்முறையாகக் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"மிருகக்காட்சிசாலையில பென்குயின் இருக்காமே, தெரியுமா உங்களுக்கு?"

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "அந்தக் குளத்துப் பம்பைத்தானே இத்தன நாளா பாத்துட்டு இருக்கேன். சொன்னேனே உன்கிட்ட."

பிறகு, கண்ணாடி அழுக்காக இருக்கிறது என்று அவள் முகத்திலிருந்து கழற்றி, பையைத் திறந்து துணியை எடுத்தார்.

"அந்தத் துணி அங்கயும் வருமா?"

"கை துடைக்க வேற என்ன வச்சிருக்கேன்?"

அவள் கண்ணாடியை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். அறைக்குள் போகும்போது எல்லாவற்றையும் கழற்றுகிறவள் கண்ணாடியை மட்டும் கழற்றுவதில்லை. வெள்ளை உறைக்குள் வேர்த்து அது வழுக்கும். கையுறை விரலாலேயே மேலே தள்ளிவிடுவாள். அதே விரலால் அடுத்த குழாயைத் திறப்பாள்.

மறுநாள் தலைவர் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். மிருகக்காட்சிசாலை, புதுமனைவி என்று சொன்னால் இப்போதும் நம்பிவிடுவார்கள். அந்த நினைப்பு வந்ததற்கே அவளுக்கு வெட்கமாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, மேசைமேல் வைத்தாள்.

"இதுலதான் வந்திருக்கு. கொண்டு வந்தது நான்."

கண்ணாடி இல்லாமல் மாப்பிள்ளை வெறும் வெள்ளைச் சட்டையாகத்தான் தெரிந்தான். சிரிக்கிறானா, அழுகிறானா, முறைக்கிறானா? இத்தனை நாள் விடாமல் வேவு பார்த்த முகம், பார்க்க வேண்டிய நேரத்தில் தெரியவில்லை.

"படியேறலன்னு சொன்னேனேக்கா" என்றான்.