கோவிந்தராஜ் ஜெயித்த வழக்கு

மெயின்லேண்டுக்குப் போகிறவர்கள் வீட்டில் ஓர் ஆளைக் குடிவைத்துவிட்டுத்தான் கப்பலேறுவார்கள். போர்ட் பிளேயரில் அது எழுதாத சட்டம். திரும்பி வரக் கப்பலில் எப்போது இடம் கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. பூட்டிய வீட்டைக் கண்டால் வீடில்லாதவனுக்குக் கை அரிக்கும். ஆனால் காண்ட்ராக்டரிடம் மேஸ்திரியாக இருந்த கோவிந்தராஜுக்கு மனிதர்கள்மேல் நம்பிக்கை கிடையாது. ஜங்லிகாட் மேட்டில் இருந்த தன் பலகை வீட்டுக்குத் திண்டுக்கல் பூட்டாகப் பார்த்துப் போட்டு, இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, மனைவி அலமுவோடு மச்சினன் கல்யாணத்துக்குக் கிளம்பினார். அது அறுபத்தொன்பதாம் வருஷம்.

கல்யாணம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. கப்பலில் இடம் கிடைக்கத்தான் மூன்று மாதம் ஆயிற்று. திரும்பி வந்து பார்த்தால் பூட்டு அப்படியே தொங்கியது, சாவி மடியில் பத்திரமாக இருந்தது, அடுக்களையிலிருந்து புகை வந்தது. பின்சுவர்ப் பலகைகளைக் கழற்றிவிட்டு, ஜெகநாதன் என்ற கூலிக்காரன் மனைவி இந்திராணியோடும் கைக்குழந்தையோடும் குடிவந்திருந்தான்.

"வெளிய வாடா, திருட்டுப்பயலே!"

"இந்த மழையில பச்சப்புள்ளையோட எங்க போறது அண்ணே? உங்களுக்கு மட்டும் இந்த ஜமீன, இந்த நெலத்த யாரு குடுத்தா? சர்க்கார் ஜமீன்தானே?"

கோவிந்தராஜுக்குச் சுருக்கென்றது. சொன்னது உண்மை. ஐம்பத்தேழில் புதரை வெட்டி அவரே கட்டிக்கொண்ட வீடு அது. துண்டுக் காகிதம் கிடையாது. வருஷா வருஷம் வேலி வேறு சரிவில் கொஞ்சம் கீழே இறங்கி இடத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் அவருடைய நியாயத்தில் புதரை வெட்டினால் உழைப்பு, பலகையைக் கழற்றினால் திருட்டு. பஜாரில் ஒரு வாடகை அறையில் அலமுவை உட்காரவைத்துவிட்டு நேரே வக்கீல் கிருஷ்ணமூர்த்தியிடம் ஓடினார்.

"பட்டா இருக்கா?"

"இல்லீங்க."

"லைசென்ஸ்?"

"இல்லீங்க."

"கவலையே படாதீர், ரெண்டும் வேண்டாம்" என்றார் வக்கீல். "குடியிருக்கறவனைச் சட்டப்படி இல்லாம வெளியேத்தினா, வீட்டை இழந்தவன் ஆறு மாசத்துக்குள்ள கோர்ட்டுக்கு வந்தாப் போறும். இடம் யாரோடதுன்னு ஜட்ஜ் கேக்கவே மாட்டார். நீர் இருந்தீர், அவன் புகுந்தான். அதை மட்டும் நிரூபியும். அதுக்கு மேல வாயைத் திறக்காதீர்."

அந்த 'மட்டும்' கோவிந்தராஜின் காதில் ஏறவே இல்லை. நிரூபிப்பதென்று வந்துவிட்டால் அரைகுறையாகச் செய்யலாமா? கூண்டில் ஏறியவர், வைத்த தென்னை, கட்டிய மாட்டுக்கொட்டில், வெட்டிய கிணறு என்று ஒவ்வொன்றாக வருஷத்தோடு ஒப்பித்தார். சாட்சிக்கு மேட்டடியில் டீக்கடை வைத்திருந்த சேக் தாவூதைக் கூட்டி வந்தார். தாவூத் நல்ல மனிதர். வந்த இடத்தில் உதவி செய்யாமல் போக மனம் வராது.

"கோவிந்தராஜ் பாய் கப்ஜா பக்கா சாப்! இடம் பூரா அவரு கைவசம்தான். பன்னெண்டு வருஷமா நான் பாக்குறேன். மழை முடிஞ்சா வேலி எறங்கிரும். போன வருஷம் என் கடைக்குப் பின்னாடி வரைக்கும் வந்துருச்சு."

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். கோவிந்தராஜ் பெருமையாகத் தலையாட்டினார்.

ஜெகநாதன் தன் பக்கத்துக்கு நில அளவை அமீனைக் கூட்டி வந்திருந்தான். அது சர்க்கார் நிலம் என்று அமீன் சொல்ல ஆரம்பித்ததுமே, "அது இந்த வழக்கின் கேள்வி அல்ல" என்று நீதிபதி நிறுத்திவிட்டார். வேலையில்லாமல் போன அமீன் பெஞ்சில் உட்கார்ந்து தென்னை முதல் வேலி வரை எல்லாவற்றையும் கேட்டார். இத்தனை வருஷத்தில் அந்த மேட்டில் ஒருநாளும் ஏறிப் பார்க்காத மனிதர் அவர்.

தீர்ப்பு கோவிந்தராஜுக்கே. ஜெகநாதன் குழந்தைக்குச் சாக்கைப் போர்த்தி, மழையோடு மழையாக இறங்கிப் போனான். கோவிந்தராஜ் தாவூதின் கடையில் வந்தவர் போனவருக்கெல்லாம் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். அவர் வீட்டுக்கு ஏறி வந்தபோது அலமு உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"அந்தப் பொண்ணு வீட்டப் பெருக்கி வச்சிட்டுப் போயிருக்குங்க. எனக்கு என்னமோ பண்ணுது."

"ஜெயிச்ச அன்னிக்கு அழுவாதடி."

ஜிலேபிச் சுவை நாக்கில் இருக்கும்போதே அமீன் அளவுச் சங்கிலியோடு மேடேறி வந்தார்.

"இது சர்க்கார் நிலம்னு என் ரிக்கார்டு சொல்லுது, இதுல நீங்கதான் கப்ஜான்னு கோர்ட்டே சொல்லியிருக்கே அண்ணாச்சி. நான் வேற சாட்சி எதுக்குத் தேடணும்?"

நோட்டீஸ் வந்தது, கெடு முடிந்தது, ஆட்கள் வந்தார்கள். பன்னிரண்டு வருஷ வீடு மத்தியானத்துக்குள் பலகைக் குவியலாகிவிட்டது. கோவிந்தராஜ் மூச்சிரைக்க வக்கீலிடம் ஓடினார்.

"அதே சட்டத்தப் போடுங்க சார்! நான் இருந்தேன், அவங்க புகுந்தாங்க!"

"அந்தப் பிரிவு சர்க்கார் மேல செல்லாது ஓய்."

நடுத்தெருவில் நின்று, வெட்கத்தை விட்டு அழுதார் மனிதர்.

அதோடாவது முடிந்ததா? வீடில்லாதவர்களுக்குப் பத்துபஸ்தியில் மனை கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வரிசையில் போய் நின்றார். சர்க்கார் நிலத்தை வளைத்து வைத்திருந்தவர் அவர்தான் என்பதற்குத் தீர்ப்பே சாட்சி, அதனால் அவருக்குக் கிடையாது என்றார்கள். அதே தீர்ப்பில் ஜெகநாதன் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டவன். அவனுக்கு வீடில்லை என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி எங்கே கிடைக்கும்? மனையைக் கொடுத்துவிட்டார்கள்.

கையிருப்பெல்லாம் வக்கீலுக்குப் போயிருந்தது. வாடகைக்கு வழியில்லை. அடுத்த மழை பிடித்தபோது தகரப்பெட்டியும் அலமுவுமாக கோவிந்தராஜ் போய் நின்றது ஜெகநாதனின் புதுக் குடிசை வாசலில். கூனிக் குறுகி, தலை நிமிராமல் நின்றார். கதவை மூடிவிடுவான் என்றுதான் நினைத்தார்.

"உள்ள வாங்க அண்ணே. அக்கா நனையுறாங்க பாருங்க."

இந்திராணி அலமுவுக்குத் தன் உலர்ந்த சேலையை எடுத்துக் கொடுத்தாள். சுடச்சுட டீ வந்தது. கோவிந்தராஜ் டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். 'இவனையா மழையில் துரத்தினேன்' என்று நெஞ்சு வலித்தது.

டீ டம்ளர் காலியானதும் ஜெகநாதன் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் கொண்டுவந்து பணிவாக நீட்டினான்.

"தப்பா நெனைக்காதீங்க அண்ணே. 'ஜெகநாதன் அனுமதியிலதான் இங்க தங்கியிருக்கேன், கப்ஜா எனக்கில்ல'ன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுருங்க. கோர்ட்ல நீங்க பேசுனத பூராக் கேட்டவன் நான்."

கோவிந்தராஜ் அலமுவைப் பார்த்தார்.

"போடுங்க" என்றாள் அவள், ஈரத் தலையைத் துவட்டியபடி. "உங்களத் தெரிஞ்சவங்க வேற எப்படிங்க வீட்டுக்குள்ள விடுவாங்க?"