பிள்ளையின் நிறை

மூன்றாம் மாத நிறுவைக்குப் பத்மாவதி பிள்ளையைக் கொண்டுவரவில்லை. கரவெட்டிக் கிளினிக்கில் மற்றப் பிள்ளைகளையெல்லாம் நிறுத்து முடித்த பிறகும் அவளுடைய பிள்ளையின் நிறை அட்டை மட்டும் மேசையில் கிடந்தது. எனக்குக் கோபம் வந்தது. அதைவிடப் பயம் வந்தது. முதல் பிள்ளையை நாற்பதாம் நாளில் பறிகொடுத்தவள். இந்தப் பிள்ளை பிறந்ததே இரண்டு கிலோ. போன மாதம் தராசு முள் மூன்றைத் தொட்டபோது சந்தோஷம் தாங்காமல், "மூண்டு கிலோ!" என்று கத்தியிருந்தேன்.

அட்டையை எடுத்துக்கொண்டு, தராசைச் சைக்கிள் கரியரில் கட்டிப் புறப்பட்டேன். பதினாறு வருஷமாகப் பிள்ளைப்பேறு பார்ப்பதும் ஊசி போடுவதும் என் வேலை. ஊருக்கு நான் 'மிசி'. அது தொண்ணூற்றிரண்டு, வடக்கில் பொருளாதாரத் தடைக் காலம். பெற்றோல் இல்லை, பால்மா ரின்னைக் கண்ணாலும் காண முடியாது. தாய்ப்பாலுக்கு மட்டும் இன்னும் ஒருவரும் தடை போடவில்லை என்று தாய்மாரைப் பகிடி பண்ணுவேன்.

பத்மாவதியின் புருஷன் தம்பிஐயா தோட்டத்து மண் காயாத காலோடு படலைக்கு வந்தான்.

"குறை நினையாதேங்கோ மிசி. போன மாசம் எல்லாருக்கும் முன்னாலை நிறையைச் சொன்னியள். அடுத்த நாளே பிள்ளைக்கு வயித்தாலை போகத் தொடங்கிட்டுது. ஆக்களின்ரை வாய் பட்டுட்டுது, நாவூறுதான்."

"நாவூறோ? பிள்ளைக்கு என்னத்தைக் குடுத்தனீங்கள்?"

பத்மாவதி தலையைக் குனிந்தாள். "பால் காணாதோ எண்டு பயந்து... சவ்வரிசிக் கஞ்சி ரெண்டு கரண்டி பருக்கினனான். பிறகு வயித்தோட்டத்துக்குக் கரைச்சுக் குடுக்கிற ஜீவனித் தண்ணியும் தாய்ப்பாலுந்தான். இப்ப தாய்ப்பால் மட்டும்."

ஏசத்தான் வாயைத் திறந்தேன். அவள் பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு நின்ற நிற்பைப் பார்த்ததும் மனம் வரவில்லை. பாவம், பயந்தல்லவா செய்திருக்கிறாள்.

"நிறுக்காமல் போகமாட்டன். ஆனால் வாய் திறக்கமாட்டன்," என்றேன்.

தாழ்வாரத்து வளையில் தராசைத் தொங்கவிட்டோம். சீலைக்குள் கிடந்து பிள்ளை காலை உதைத்தது, முள் ஆடியது. தம்பிஐயா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். முள் மூன்றே முக்காலில் நின்றது. அட்டையில் புள்ளியைக் குத்தி, கோட்டை மேலே இழுத்து, பத்மாவதியிடம் நீட்டினேன். அவள் பார்த்துவிட்டுப் புருஷனிடம் கொடுத்தாள். அவன் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். வீரிட்டுக் கத்தியது பிள்ளை மட்டுந்தான்.

வெளியே வந்தபோது பக்கத்து வீட்டு நல்லம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"என்ன மிசி, பிள்ளை நிறை கூடியிருக்கோ?"

எனக்கு நாவூறில் நம்பிக்கை இல்லை. அதெல்லாம் வீண் கதை என்று கிளினிக்கில் மாதாமாதம் பிரசங்கம் வைப்பவளே நான்தான்.

"எங்கை கூடுறது! நோஞ்சான்," என்றேன்.

பின்னால் பிள்ளையின் அழுகை சட்டென்று நின்றது. பால் கிடைத்திருக்க வேண்டும். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, ஒழுங்கை முடியும்வரை சைக்கிளை மிதித்தேன்.